மெட்ரோ வரைபடத்தைக் கணினி தானே வரைந்து, பெயரும் எழுதித் தருமா?

கேள்வி இதுதான்: ஒரு நகரத்தின் மெட்ரோ தடங்கள், நிலையங்கள் பற்றிய தரவு கையில் இருக்கிறது. அதைக் கொடுத்தால், பயணிக்குப் பார்த்ததும் புரிகிற வரைபடத்தை மென்பொருளே வரைந்து, நிலையப் பெயர்களையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் எழுதித் தருமா? தரும் என்றால் எந்த முறையில்? இல்லை என்றால் எங்கே இடிக்கிறது?

தடங்களை வரைவது பெருமளவு தீர்ந்துவிட்ட பிரச்சினை. நடுத்தர அளவு நகரத்துக்குச் சில நொடிகளில் நல்ல அமைப்பு கிடைத்துவிடும். பெயர் எழுதுவது அப்படித் தீரவில்லை. தடங்களை முதலில் வரைந்து முடிப்போம், அப்புறம் கிடைத்த சந்தில் பெயர்களைச் செருகிக்கொள்ளலாம் என்று தொடங்குகிற முயற்சிகள் எல்லாம் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. பெயருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைத் தடம் வரையும்போதே கணக்கில் எடுத்தால்தான் படம் உருப்படும். நான் சொல்ல வருவதன் சாரம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அது ஏன் என்பதற்கான விளக்கம்.

முதலில் இந்தப் படம் எதற்காக என்று பார்த்துவிடுவோம். லண்டன் அண்டர்கிரவுண்டுக்கு ஹாரி பெக் என்ற பொறியியல் வரைவாளர் 1931இல் ஒரு படம் வரைந்தார். கோடுகள் கிடையாக, செங்குத்தாக, 45 பாகைச் சாய்வாக மட்டுமே போகும். நெருக்கமான நகர மையம் விரிந்திருக்கும், புறநகர் சுருங்கியிருக்கும். முதலில் நிராகரித்தவர்கள் பிறகு ஒப்புக்கொண்டு 1933இல் வெளியிட்டார்கள், பயணிகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். காரணம் எளிது. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு ரயில் எந்தத் திசையில் வளைகிறது என்பது முக்கியமல்ல. எந்தத் தடத்தில் ஏற வேண்டும், எங்கே மாற வேண்டும், இறங்க இன்னும் எத்தனை நிலையம் என்பதுதான் வேண்டும். லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டனுக்கு 300 மீட்டர்கூட இல்லை. அதே வலையமைப்பின் வடமேற்கு ஓரத்தில் செஷம் நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு 6 கிலோமீட்டருக்கு மேல். இரண்டையும் ஒரே அளவுகோலில் வரைந்தால் மையம் கறுப்புத் திட்டாகத்தான் தெரியும்.

ஆனால் இந்த விரிப்புக்கும் சுருக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜான் குவோ லண்டன் பயணிகள் வழியைத் தேர்ந்தெடுப்பதை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. எந்த வழியில் போவது என்று முடிவெடுக்கும்போது, உண்மையான பயண நேரத்தைவிடப் படத்தில் தெரியும் தூரம் சுமார் இரண்டு மடங்கு செல்வாக்கு செலுத்துகிறது. அன்றாடம் போய்வருகிறவர்களும் இதற்கு விதிவிலக்கல்ல. ஆக, கணினி ஒரு கோட்டை அழகுக்காக இழுத்து நீட்டினால் கூட்டம் இடம் மாறுகிறது. படம் வரைகிற நிரலை எழுதுபவர் தெரிந்தோ தெரியாமலோ போக்குவரத்தைத் திருப்பிவிடுகிறார். நிலப்பரப்போடு ஒட்டாமல் போவதற்கும் எல்லை இருக்கிறது. மாசிமோ விக்னெல்லியின் குழு 1972இல் நியூயார்க்குக்கு வரைந்த படத்தில் சென்ட்ரல் பார்க் கிட்டத்தட்ட ஒரு சாம்பல் சதுரம். உண்மையில் அந்தப் பூங்காவின் நீளம் அகலத்தைப்போல் ஐந்து மடங்கு. தலைக்கு மேலே இருக்கும் தெருவோடு படம் ஒத்துப்போகவில்லை என்ற புகார்கள் குவிந்து, 1979இல் அதை மாற்றினார்கள். அதே பாணியைத் தழுவிய புதுப் படம் 2025இல் திரும்பி வந்திருக்கிறது என்பது தனிக்கதை. லண்டனில் 2009 செப்டம்பரில் தேம்ஸ் நதியை நீக்கிப் படம் அச்சிட்டதும் எழுந்த எதிர்ப்பில், அந்த ஆண்டு முடிவதற்குள் நதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு நீலக் கோடு என்றாலும் நகரத்தில் நாம் எந்தக் கரையில் இருக்கிறோம் என்பதை அதுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

சரி, இனி வேலை நடக்கும் வரிசைக்கு வருவோம்.

தரவு பெரும்பாலும் ஜிடிஎஃப்எஸ் என்ற வடிவில் கிடைக்கும். 2005 வாக்கில் கூகுளும் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய இது, நிலையம், தடம், பயணம், நேரம் என்று தனித்தனி அட்டவணைக் கோப்புகளாக இருக்கும். இது அட்டவணைக்காகப் பிறந்த தரவு, படத்துக்காகப் பிறந்ததல்ல. அதனால் ஒரே நிலையம் நான்கு முறை வரும், நடைமேடைக்கு ஒன்று வீதம். போகிற பாதையும் வருகிற பாதையும் சில மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகளாக இருக்கும். மூன்று தடங்கள் ஒரே சுரங்கத்தில் போனால், அவை ஒரே சுரங்கம் என்று தரவு எங்கும் சொல்லாது. ஒன்றோடொன்று பின்னிப்போகும் மூன்று கோணல் கோடுகள்தான் கிடைக்கும். இவற்றை ஒன்றுசேர்த்து, ‘இந்த நிலையத்துக்கும் அந்த நிலையத்துக்கும் நடுவே ஒரே இணைப்பு, அதன் மேல் இந்த மூன்று தடங்கள்’ என்ற வலையமைப்பாக மாற்றுவது முதல் வேலை. யாரும் பெருமையாகப் பேசாத வேலை இது. ஆனால் இங்கே ஒரு இணைப்பு தவறினால், பின்னால் எவ்வளவு கெட்டிக்காரத்தனமான அல்காரிதம் வந்தாலும் பொய்யான படத்தைத்தான் அழகாக வரையும். எவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் இரண்டு நடைமேடைகள் ஒரே நிலையம், நடைபாதையால் இணைந்த இரண்டு நிலையங்களை ஒரு வட்டமாகக் காட்டுவதா இரண்டாகக் காட்டுவதா என்பதையெல்லாம் மனிதர்தான் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது அமைப்பு. எல்லோரும் ஏறத்தாழ ஒப்புக்கொள்ளும் விதிகள் சில உண்டு. கோடுகள் எட்டுத் திசையில் மட்டும் போக வேண்டும். ஒரு தடம் முடிந்தவரை திரும்பாமல் போக வேண்டும், திரும்பினாலும் கூர்மையாக மடங்கக் கூடாது. நிலைய இடைவெளி சீராக இருக்க வேண்டும். வடக்கே இருப்பது தெற்கே போய்விடக் கூடாது. உண்மையில் இல்லாத குறுக்குவெட்டு படத்தில் முளைக்கக் கூடாது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நியாயமாகத் தோன்றும். சேர்த்துக் கேட்டால் ஒன்றோடு ஒன்று சண்டை போடும். கிடை, செங்குத்து ஆகிய நான்கு திசைகள் மட்டும் போதும் என்றால் திருப்பங்களைக் குறைப்பதற்குத் திறமையான வழி இருக்கிறது. இத்தாலியரான ரொபெர்டோ தமாசியா 1987இல் காட்டியது அது. சாய்வுகளையும் சேர்த்து எட்டுத் திசை என்று ஆக்கியவுடன் பிரச்சினை என்பி-ஹார்ட் வகைக்குள் போய்விடுகிறது. மார்ட்டின் நோலன்பர்க் 2005இல் இதை நிறுவினார். அதாவது, எல்லா நகரத்துக்கும் வேகமாகவும் சரியாகவும் விடை தரும் அல்காரிதம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் இத்தனை முறைகள்.

தொடக்ககால முறைகளில் ஒன்று ஸ்பிரிங் முறை. சிட்னியில் சியோக்ஹீ ஹாங்கும் கூட்டாளிகளும் 2004 வாக்கில் செய்தது. நிலையங்களை இணைக்கும் கோடுகளைச் சுருள்வில்லாகப் பாவித்து, எட்டுத் திசைகளை நோக்கி அவற்றைக் காந்தம்போல் இழுக்கும் விசையையும் சேர்த்து, மொத்த அமைப்பும் அடங்கும்வரை விடுவது. வேகமானது. ஆனால் அடங்கி நிற்கும்போது கோடு 45 பாகையில் நிற்காது, 43இல் நிற்கும். அந்த இரண்டு பாகையைக் கண் உடனே பிடித்துவிடும். கென்ட் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஸ்டாட்டும் பீட்டர் ராட்ஜர்ஸும் வேறு வழியில் போனார்கள். ஒவ்வொரு நிலையத்தையும் அக்கம்பக்கத்துக் கட்டங்களில் நகர்த்திப் பார்த்து, மொத்த மதிப்பெண் கூடினால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் பழைய இடத்திலேயே விடுவது. பெயர்களையும் நிலையங்களோடு மாறி மாறி நகர்த்தினார்கள் என்பது எனக்குப் பிடித்த அம்சம். இதில் வரும் சிக்கல், தனியாக எந்த நிலையத்தை நகர்த்தினாலும் மதிப்பெண் குறைகிற ஒரு குழியில் மாட்டிக்கொள்வது. அதற்காகச் சில நிலையங்களைக் கொத்தாகச் சேர்த்து நகர்த்தினார்கள்.

தரத்தில் நீண்ட காலம் அளவுகோலாக இருந்தது நோலன்பர்க்கும் அலெக்சாண்டர் வோல்ஃபும் சேர்ந்து உருவாக்கிய இன்டிஜர் புரோகிராமிங் (முழு எண் விடைகளைத் தேடும் கணக்கு) முறை. 2005இல் முதல் வடிவமும் 2011இல் விரிவான வடிவமும் வந்தன. இதைக் கொஞ்சம் நெருக்கத்தில் பார்ப்பது பயன் தரும். விதிகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். மீறவே கூடாதவை: எட்டுத் திசை, குறைந்தபட்ச நீளம், ஒரு நிலையத்தைச் சுற்றி இணைப்புகள் வரும் வரிசை, கோடுகளுக்கிடையே இடைவெளி. முடிந்தவரை காக்க வேண்டியவை: குறைந்த திருப்பம், உண்மையான திசையோடு நெருக்கம், குறைந்த மொத்த நீளம். முதல் வகையைச் சமன்பாடுகளாகவும் சமனிலிகளாகவும் எழுதி, இரண்டாம் வகைக்கு ஆளுக்கொரு எடை கொடுத்து, மொத்தச் செலவைக் குறைக்கச் சொல்லித் தீர்வி என்ற, இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் மென்பொருளிடம் கொடுத்துவிடுவது. இதில் எண்ணிக்கையை ஊதிவிடுவது இடைவெளி விதி. படத்தில் உள்ள எந்த இரண்டு கோடுகளை எடுத்தாலும், எட்டுத் திசைகளில் ஏதாவது ஒன்றிலாவது அவை விலகி இருக்க வேண்டும். கோடுகள் முந்நூறு என்றால் ஜோடிகள் நாற்பதாயிரத்துக்கு மேல், ஒவ்வொரு ஜோடிக்கும் எட்டுத் தேர்வுகள். ஆனால் நகரத்தின் இரண்டு எதிர் மூலைகளில் இருக்கும் கோடுகள் எப்படியும் மோதப்போவதில்லை. எனவே அந்த விதிகளைத் தொடக்கத்தில் விட்டுவிட்டு, கிடைத்த விடையில் எங்கே மோதல் தெரிகிறதோ அந்த ஜோடிக்கு மட்டும் விதியைச் சேர்த்துத் திரும்பத் தீர்க்கச் சொல்வார்கள். பெரும்பாலான ஜோடிகளுக்குக் கடைசிவரை விதி தேவைப்படாது. இன்னொரு உத்தி, இரண்டு மாற்று நிலையங்களுக்கு (தடம் மாறி ஏறும் நிலையங்களுக்கு) நடுவே வரும் சாதாரண நிலையங்களை எடுத்துவிட்டு, திரும்புவதற்கு வசதியாக ஓரிரு புள்ளிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது. பிறகு நிலையங்களைச் சம இடைவெளியில் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

இன்று நான் முதலில் கைவைப்பது கட்ட முறை. ஹன்னா பாஸ்ட், பாட்ரிக் புரோசி, சபீனே ஸ்டோராண்ட் மூவரும் 2020இல் வெளியிட்டது. தாளின் மேல் எட்டுத் திசையிலும் இணைப்புள்ள கட்டவலையைப் போடுகிறோம். திரும்பினால் இவ்வளவு, கூர்மையாகத் திரும்பினால் இன்னும் இவ்வளவு, நிலையம் தன் உண்மையான இடத்திலிருந்து தள்ளிப்போனால் இவ்வளவு என்று செலவு வைக்கிறோம். பிறகு வலையமைப்பின் ஒவ்வொரு இணைப்பையும் அந்தக் கட்டவலையின் மேல் குறைந்த செலவுப் பாதையாகத் தேடிப் பதிக்கிறோம். ஒருமுறை ஒருவர் எடுத்துக்கொண்ட பாதை அடுத்தவருக்கு மூடப்படும். எந்த வரிசையில் பதிக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். அதனால் சில வரிசைகளை முயன்று, கடைசியில் நிலையங்களைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்து மெருகேற்றுவார்கள். இன்டிஜர் புரோகிராமிங் நிமிடக் கணக்கிலோ மணிக்கணக்கிலோ எடுத்துக்கொள்ளும் இடத்தில் இது நொடிகளில் முடிகிறது. லூம் என்ற பெயரில் திறந்த மூல மென்பொருளாகவும் கிடைக்கிறது. ஜிடிஎஃப்எஸ் கோப்பைக் கொடுத்தால் வலையமைப்பாக்கி, ஒன்றுசேர்த்து, எட்டுத் திசைக்கு மாற்றி, எஸ்விஜி என்ற கோட்டுப்பட வடிவில் கொடுத்துவிடும்.

ஒரே பாதையில் பல தடங்கள் சேர்ந்து போகும் இடத்தில் எந்த நிறம் இடப்பக்கம், எது வலப்பக்கம் என்பது தனிக் கணக்கு. வரிசை சரியில்லையென்றால் தடங்கள் பிரியும் இடத்தில் தேவையில்லாமல் ஒன்றையொன்று தாண்டும். தாண்டல்களை மிகக் குறைவாக்கும் வரிசையைத் தேடுவது 2006இலிருந்தே தனி ஆய்வுப் பிரச்சினை. தாண்டுவதைத் தவிர்க்க முடியாதபோது, அதை நிலையத்துக்குள் வைக்காமல் இரண்டு நிலையங்களுக்கு நடுவே வைத்தால் கண் எளிதாகப் பின்தொடரும். இது போதும், முக்கியமான இடத்துக்கு வருவோம்.

பெயர்கள். இங்கேதான் பெரும்பாலான தானியங்கிப் படங்கள் தோற்கின்றன. ஏன் என்பதை எண்களை வைத்தே பார்த்துவிடலாம். எழுத்தின் உயரம் 3 மில்லிமீட்டர், வரிக்கு வரி இடைவெளியோடு 5, ஒரு பெயரின் நீளம் 24 என்று வைத்துக்கொள்வோம். தடத்தில் பத்து நிலையங்கள், எல்லாப் பெயரும் கிடையாக. தடம் செங்குத்தாகப் போனால் பெயர்கள் வலப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக உட்கார்ந்துவிடும். ஒன்பது இடைவெளிக்கும் சேர்த்து 45 மில்லிமீட்டர் போதும். அதே தடம் கிடையாகப் போனால், அடுத்தடுத்த பெயர்கள் மோதாமலிருக்க நிலையத்துக்கு நிலையம் 26 மில்லிமீட்டர் வேண்டும், மொத்தம் 234. ஏ4 தாளின் அகலமே 210தான். பெயர்களை மேலும் கீழுமாக மாறி மாறிப் போட்டால் 117க்கு இறங்கும். எழுத்தை 45 பாகை சாய்த்து எழுதினால் நிலைய இடைவெளி சுமார் 7 போதும், மொத்தம் 64. ஆனால் படிப்பவர் தலையைச் சாய்க்க வேண்டும், தடத்துக்கு மேலே 20 மில்லிமீட்டர் அளவுக்கு வெற்றிடமும் வேண்டும். இப்போது தடத்தையே 45 பாகையில் விட்டுப் பாருங்கள். பெயர்கள் கிடையாகவே இருக்கலாம், நீளம் அதே 64தான். தலையைச் சாய்க்கவும் வேண்டாம்.

ஒரே பத்து நிலையம், ஒரே எழுத்து. திசை மாறியதும் தேவை 45இலிருந்து 234வரை போகிறது. ‘தடத்தை முதலில் வரை, பெயரை அப்புறம் பார்’ என்ற அணுகுமுறை ஏன் தோற்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. தடம் வரையும்போது கிடைத் திசையும் சாய்ந்த திசையும் அல்காரிதத்துக்கு ஒரே செலவு. பெயருக்கு அப்படி இல்லை. ஒரு நல்ல வரைகலைஞர் நீளமான பெயர்கள் வரிசையாக வரும் பகுதியைப் பார்த்ததும் தடத்தைச் சாய்த்துவிடுவார், கேட்டால் காரணம்கூடச் சொல்ல மாட்டார். கணினிக்கு அதைச் செலவாக எழுதித் தர வேண்டும்.

நோலன்பர்க், வோல்ஃப் இருவரும் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். இரண்டு மாற்று நிலையங்களுக்கு நடுவே வரும் எல்லாப் பெயர்களையும் சேர்த்து ஒரு இணைகரமாகப் பாவித்து, அதைத் தடத்தின் ஒரு பக்கத்தில் ஒட்டிவிடுவது. இணைகரமும் படத்தின் ஒரு பகுதிதான், அதன் மேல் எந்தக் கோடும் ஏறக் கூடாது. எந்தப் பக்கம் ஒட்டுவது என்பதைத் தீர்வியே முடிவு செய்யும். மாற்று நிலையத்தின் பெயரை, அந்த நிலையத்திலிருந்து புறப்படும் கூடுதல் கோடாகப் பாவிக்கிறார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எட்டுத் திசைகளிலும் தடங்கள் போகும் நிலையத்தில் பெயர் வைக்கவே இடமில்லை. பெயருக்கும் ஒரு திசையை ஒதுக்கினால், அமைப்பு தானாகவே ஒரு திசையைக் காலியாக வைத்துக்கொள்ளும். விலை நேரம்தான். பெயர்களைச் சேர்த்ததும் நிமிடங்கள் மணி நேரங்களாகிவிடுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை அச்சிடும் படத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. செயலியில் உடனுக்குடன் வரைவதற்கு ஆகாது.

அமைப்பு முடிந்துவிட்டது, இனி அசைக்க முடியாது என்ற நிலையிலும் பெயர் வைக்கச் சில திடமான முறைகள் உண்டு. ஒவ்வொரு நிலையத்துக்கும் இடம் அல்லது வலம் என்று இரண்டே வாய்ப்பு கொடுத்தால், எல்லாப் பெயரும் மோதாமல் உட்காருமா என்பதை வேகமாகத் தீர்த்துவிடலாம். ‘இது இடப்பக்கம் என்றால் அது வலப்பக்கம்’ என்ற வகை நிபந்தனைகளின் கோவை அது, கணினியியலில் 2-சாட் என்பார்கள். வாய்ப்பை நான்காக்கியதும் அதுவும் என்பி-ஹார்ட். 1991இல் மைக்கேல் ஃபோர்மனும் ஃபிராங்க் வாக்னரும் காட்டியது. அதனால் நடைமுறையில் தடம் தடமாகப் போவதுதான் கைகொடுக்கிறது. பெஞ்சமின் நீடர்மனும் யான்-ஹென்ரிக் ஹாவுனர்ட்டும் 2018இல் எழுதிய முறையில், ஒவ்வொரு நிலையத்துக்கும் பல வாய்ப்புகளை உண்டாக்கி, ஒரு தடத்தின் முதல் நிலையத்திலிருந்து கடைசிவரை குறைந்த செலவுத் தொடரை டைனமிக் புரோகிராமிங்கால், அதாவது சிறு பகுதிகளின் விடைகளைச் சேமித்துப் படிப்படியாகக் கட்டும் முறையால், எடுக்கிறார்கள். அடுத்தடுத்த பெயர்கள் பக்கம் மாறினால் செலவு கூடும். இந்தச் செலவு முக்கியமானது. பெயர்கள் ஒரே பக்கத்தில் வரிசையாக வந்தால் கண் அதை ஒரு பட்டியலாகப் படிக்கும். நடுவில் ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் தாவினால், அந்த நிலையத்தை விட்டுவிட்டு எண்ணுகிறவர்கள் உண்டு.

மோதாமல் இருப்பது மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். சுவிஸ் நிலவரைபட அறிஞர் எடுவார்ட் இம்ஹோஃப் பெயர் எழுதும் விதிகளை 1960களிலேயே தெளிவாக வகுத்துவிட்டார். அவற்றில் முதன்மையானது, எந்தப் பெயர் எந்தப் புள்ளிக்குச் சொந்தம் என்பதில் ஐயமே வரக் கூடாது என்பது. இதை நிரலில் சோதிப்பது எளிது: ஒரு பெயருக்கு மிக அருகில் இருக்கும் நிலையம் அதன் சொந்த நிலையம்தானா? இல்லையென்றால் மோதல் இல்லாவிட்டாலும் அது தவறான இடம்தான். பெக் தன் படத்தில் சாதாரண நிலையங்களைப் பெயர் இருக்கும் பக்கம் நீட்டிய சிறு குச்சிகளாகக் காட்டியது இந்த ஐயத்தைப் போக்கத்தான். வட்டப் புள்ளி எந்தப் பக்கமும் கைகாட்டாது, குச்சி காட்டும். தானியங்கி முறைகளில் இந்த எளிய உத்தியைப் பலர் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு வருத்தம்.

பெயரின் அளவை எப்படிக் கணக்கிடுவது என்பதிலும் கவனம் வேண்டும். எழுத்துகளின் எண்ணிக்கையைச் சராசரி அகலத்தால் பெருக்கும் நிரல்களை நிறையப் பார்க்கலாம். ஆங்கிலத்துக்கே அது உத்தேசம்தான், தமிழுக்குச் சுத்தமாக ஒத்துவராது. ‘ணொ’ என்பது படிப்பவருக்கு ஓர் எழுத்து, கணினியின் சேமிப்பில் இரண்டு குறியீடுகள், தாளில் மூன்று உருவங்கள். ‘கி’யின் கொக்கி மேலே போகும், ‘மு’வின் வால் கீழே இறங்கும், ஆக வரி உயரமும் கூடும். எழுத்துருவைக் கொண்டு உண்மையாகவே வரையவைத்து, கிடைக்கும் பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் எடுப்பதுதான் ஒரே நம்பகமான வழி. இரண்டு மொழிகளில் பெயர் போட வேண்டியிருந்தால் பெட்டி உயரமாகும், நான் மேலே போட்ட கணக்கில் 5 என்பது 9 அல்லது 10 ஆகிவிடும். செங்குத்துத் தடத்தின் சலுகை அப்போது பாதியாகக் குறையும். நீளமான பெயரை இரண்டு வரியாக உடைப்பது நல்லதுதான், ஆனால் சொல்லின் நடுவே உடைக்கவே கூடாது. எந்தப் பெயரை எங்கே உடைக்கலாம் என்ற பட்டியலை முன்கூட்டியே கையால் தயார் செய்து கொடுப்பது ஒரு பிற்பகல் வேலை. அதன் பலன் படம் முழுக்கத் தெரியும்.

கைபேசித் திரைக்குக் கணக்கே வேறு. அங்கே முழு வலையமைப்பையும் ஒரே பார்வையில் படிக்க முடியாது. பயணி போகிற வழி தெரிந்திருந்தால், அந்த வழியை மட்டும் பெரிதாக விரித்து மற்றதைச் சுருக்கலாம். யூ-ஷுவென் வாங், மிங்-தே சீ இருவரும் 2011இல் இதைச் செய்து காட்டினார்கள், உடனுக்குடன் வரையும் வேகத்தில். வழியில் உள்ள பெயர்கள் எல்லாம் தெரியும், மற்ற இடங்களில் தேவையானது மட்டும். திரையைப் பெரிதாக்கும்போது பெயர்கள் கூட வேண்டுமே தவிர, ஏற்கெனவே தெரிந்த பெயர் மறைந்துவிடக் கூடாது, பக்கம் தாவவும் கூடாது. இதற்கு எல்லாப் பெரிதாக்க நிலைகளுக்கும் சேர்த்து ஒரே முறை இடம் ஒதுக்கிவிட்டு, நிலைக்கேற்பக் காட்டுவதையும் மறைப்பதையும் மட்டும் செய்வது பாதுகாப்பு.

தடங்களை நிறத்தால் மட்டும் அடையாளம் காட்டக் கூடாது என்பது தெரிந்த விஷயம், இருந்தும் நடக்கிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். தடத்தின் எண் அல்லது பெயர், இரண்டு முனைகளிலும் நடுவில் ஓரிரு இடத்திலும் கோட்டின் மேலேயே இருக்க வேண்டும். இவையும் பெயர்கள்தான், இவற்றுக்கும் இடம் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும்.

தானியங்கி முறையில் அதிகம் பேசப்படாத இன்னொரு ஆபத்து, புதுத் தடம் திறக்கும்போது வருகிறது. தரவில் நான்கு நிலையங்களைச் சேர்த்து மறுபடி ஓட்டினால், மென்பொருள் அடியிலிருந்து முடிவரை புதிதாக யோசித்து, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் தடத்தைக்கூடத் திருப்பிப் போட்டுவிடும். அதன் கணக்கில் அது கொஞ்சம் சிறந்த விடை. பத்து ஆண்டுகளாகப் படத்தை மனதில் வைத்திருக்கும் பயணிக்கு அது வேறு நகரம். எனவே பழைய படத்தில் இருந்த இடத்திலிருந்து விலகுவதற்கும் ஒரு செலவு வைக்க வேண்டும், அது சிறியதாக இருக்கக் கூடாது.

எட்டுத் திசை விதியே புனிதமா என்று கேட்டால், இல்லை. எசெக்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர் மேக்ஸ்வெல் ராபர்ட்ஸ் பல ஆண்டுகளாக இதைச் சோதித்துவருகிறார். பாரிஸ் மெட்ரோவின் அதிகாரபூர்வப் படத்தையும், நேர்கோடே இல்லாமல் வளைகோடுகளால் தான் வரைந்ததையும் ஆட்களிடம் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்ன ஆய்வு 2013இல் வெளிவந்தது. வளைகோட்டுப் படத்தில் ஆட்கள் வேகமாக வழி கண்டுபிடித்தார்கள். அதைவிடச் சிந்திக்கவைப்பது, எந்தப் படம் பிடித்திருக்கிறது என்று கேட்டால் வரும் விடைக்கும், எந்தப் படத்தில் வேகமாக வழி கண்டுபிடித்தார்கள் என்பதற்கும் பெரிதாகத் தொடர்பில்லை என்பது. வட்டத் தடம் உள்ள மாஸ்கோ போன்ற வலையமைப்பை எட்டுத் திசைக்குள் அடைப்பதைவிட, வட்டத்தை வட்டமாக விட்டு மற்றதை ஆரங்களாக அமைப்பது இயல்பு. மூன்று திசைகளில் கிளை பிரியும் நகரத்துக்கு 60 பாகைக் கட்டமைப்பு பொருந்தலாம். வலையமைப்பின் போக்கைப் பார்த்துக் கோணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மென்பொருளில் இருக்கிறது என்பதற்காக அல்ல.

படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் என்ன என்றும் கேட்கிறார்கள். பார்வைக்கு மெட்ரோ வரைபடம் போன்ற ஒன்று வரும். ஆனால் எந்த நிலையம் எதனோடு இணைந்திருக்கிறது என்பது தரவில் உள்ளபடியே இருக்கும் என்ற உத்தரவாதத்தை அந்த முறை தருவதில்லை. மேலே சொன்ன முறைகள் தருகின்றன. பயணியின் கைக்குப் போகும் படத்தில் அந்த உத்தரவாதத்தை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

ஆக, இன்றைக்கே தொடங்க வேண்டும் என்றால் நான் செய்வது இப்படி. தரவைச் சுத்தம் செய்வதற்குத் தாராளமாக நேரம் ஒதுக்குவேன். பெயர்களை உண்மையான எழுத்துருவில் அளந்து, உடைக்கும் இடங்களைக் குறித்துக்கொள்வேன். பிறகு லூம் போன்ற கட்ட முறையில் அமைப்பை எடுப்பேன். ஆனால் நீளமான பெயர்கள் உள்ள பகுதியில் கிடைத் திசைக்குச் செலவைக் கூட்டிவிட்டு, மாற்று நிலையங்களில் பெயருக்கு ஒரு திசையை ஒதுக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன். பெயர்களைத் தடம் தடமாக வைப்பேன், மாற்று நிலையங்களையும் முனை நிலையங்களையும் முதலில். வரும் படத்தில் ஐந்தாறு இடங்கள் நிச்சயம் உறுத்தும். அவற்றை எஸ்விஜி கோப்பில் நேரடியாகத் திருத்தத் தோன்றும், திருத்த வேண்டாம். அடுத்த முறை தரவு மாறும்போது அந்தத் திருத்தம் எல்லாம் போய்விடும். ‘இந்த நிலையம் இங்கேதான்’, ‘இந்தப் பெயர் இடப்பக்கம்தான்’ என்று நிபந்தனையாக ஒரு தனிக் கோப்பில் எழுதி, திரும்ப ஓட்டுங்கள். சில சுற்றுகளில் அந்தக் கோப்பு நகரத்தின் வரைகலைஞர் மனதில் வைத்திருக்கும் விதிகளின் பட்டியலாகவே ஆகிவிடும். கடைசியாக, படத்தை இதற்கு முன் பார்க்காத சிலரிடம் கொடுத்து, குறைந்தது இரண்டு முறை மாற வேண்டியிருக்கும் நிலைய ஜோடிகளுக்கு வழி சொல்லச் சொல்லுங்கள். விரல் எங்கே தயங்கி நிற்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தின் பெயரையும் தடத்தையும் சேர்த்தே நகர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.